வியாழன் இரவு நின்ற நகல்

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரிலும் பக்கத்துப் பினாங்கிலும் சனியும் ஞாயிறும். அரசு அலுவலகங்கள் மட்டுமல்ல, சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் நகரங்களில் உள்ள பல தனியார் கிளைகளும் மாநில நாட்காட்டியைத்தான் பின்பற்றுகின்றன. தலைநகரில் தலைமையகமும் சுங்கைப்பட்டாணியில் கிளையும் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு சர்வர். ஒன்றில் ஏறும் கணக்கு இணையம் வழியாக மற்றொன்றுக்கு நகலாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு வியாழன் இரவு 10 மணிக்கு அந்த நகலெடுப்பு நின்றுவிடுகிறது. வெள்ளியும் சனியும் கெடாவில் ஆள் இல்லை; வெள்ளியன்று திறந்திருக்கும் தலைமையகத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஞாயிறு காலை இங்கே கதவைத் திறக்கும்போது அங்கே கணினிப் பிரிவு விடுமுறையில் இருக்கிறது. திங்கள் காலை 9 மணிக்குத் தலைமையகத்தில் ஒருவர் திரையைப் பார்க்கிறார். அதற்குள் 83 மணி நேரம் ஓடிவிட்டது.

மைக்ரோசாப்டின் எஸ்கியூஎல் சர்வரில், போய்ச் சேராத மாற்றங்களை இடையில் உள்ள விநியோகத் தரவுத்தளம் பிடித்து வைத்திருக்கும் உச்ச வரம்பு, நாமாக மாற்றாத வரை, 72 மணி நேரம். அதைத் தாண்டினால் அந்தக் கிளை செயலற்றதாகக் குறிக்கப்படும். விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. முழுத் தரவையும் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். அந்த எண்ணைத் தீர்மானித்தவர்களுக்குக் கெடாவின் நாட்காட்டி தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரியும். ஆனாலும் அதை யோசித்து மாற்றி வைத்த நிறுவனங்களை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

வடக்கில் கடைகள், கிளினிக்குகள், செம்பனை நிறுவை நிலையங்கள் ஆகியவற்றின் சர்வர்களோடு பல ஆண்டு பழகியவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை முழுதாக ஒருமுறை பார்த்துவிட நினைக்கிறேன். இணையம் வழியாகத் தொலைவில் உள்ள இரு சர்வர்களைப் பிணைத்தால் எது எதனால் கெடுகிறது, கெட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவது? நகல் நின்றுவிட்டது என்று தொலைபேசி வந்ததும் எல்லாரும் கேட்பது, எப்படித் திரும்ப ஓட வைப்பது என்று. நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: இரு பக்கமும் எந்த வரி வரை ஒன்றாக இருந்தன, அதற்கு என்ன சான்று இருக்கிறது? இதற்குப் பதில் இல்லாமல் செய்யும் எந்தச் சீரமைப்பும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும் வண்டிதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேலை புதிதன்று. காலைப் பெரட்டில் ஆள் எண்ணிக் கிராணி செக்ரோலில் பேர் போடுவார். பால் நிறுத்த கணக்கு தனிப் புத்தகத்தில் ஏறும். கணக்கின் பிரதி கம்பெனி ஆபீசுக்குப் போகும். கத்ரி, ஹாரிசன்ஸ் அண்டு குரோஸ்ஃபீல்ட் போன்ற ஏஜென்சி கம்பெனிகள் எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து பல தோட்டங்களைப் பார்த்துக்கொள்ள முடிந்தது இப்படிப்பட்ட பிரதிகளால்தான். தரவுத்தள நகலெடுப்பும் அதே வேலையைச் செய்கிறது. மூல சர்வர் தன்னிடம் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறது. மைஎஸ்கியூஎல் இதை பைனரி லாக் என்கிறது. போஸ்ட்கிரெஸ் வால் என்கிறது. நகல் சர்வரில் இரண்டு வேலையாட்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அந்த வரிகளைக் கம்பி வழியாக வாங்கி வைப்பவர். மற்றவர் வாங்கி வைத்ததைப் புத்தகத்தில் ஏற்றுபவர். எந்த வரி வரை வாங்கினோம், எந்த வரி வரை ஏற்றினோம் என்ற இடக்குறிப்பும் உண்டு. பழுது எதுவானாலும் வழியில் இருக்கும், அல்லது வாங்குபவரிடம், அல்லது ஏற்றுபவரிடம், அல்லது குறிப்பேட்டிலேயே. இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வழியிலிருந்து தொடங்குவோம். நகரத்துக் கிளைக்கு ஃபைபர் வந்துவிட்டது. பாலிங், சீக் பக்கம் தோட்ட ஆபீசுகளில் இன்னமும் 4ஜி மோடமோ, 2023 ஜூலையில் மலேசியாவில் உரிமம் பெற்ற ஸ்டார்லிங்கோதான் துணை. மொபைல் இணைப்பிலும் ஸ்டார்லிங்கின் வழக்கமான திட்டங்களிலும் நம் மோடத்துக்கென்று தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை; பலர் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தோட்டத்திலிருந்து வெளியே கூப்பிடலாம், வெளியிலிருந்து தோட்டத்தைக் கூப்பிட முடியாது. ஆகவே மூல சர்வரைத் தோட்டத்தில் வைத்துத் தலைமையகம் அங்கே வந்து இழுத்துக்கொள்ளட்டும் என்று அமைத்தால் அது ஒரு நாளும் ஓடாது. எந்தப் பக்கம் கூப்பிடுகிறது என்பதை முதலில் தாளில் ஒரு அம்புக்குறியாக வரைந்து பாருங்கள். கூப்பிடப்படும் பக்கத்துக்கு நிலையான முகவரி வேண்டும். இரு பக்கமும் இல்லையென்றால் நடுவில் வாடகைக்கு ஒரு சிறு சர்வர் எடுத்து, இருவரும் அங்கே வந்து சந்திக்கும்படி விபிஎன் போட வேண்டும். முன்பு அமேசானில் அப்படி எடுக்கச் சிங்கப்பூரைத்தான் நாட வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே அவர்களுடைய மையம் திறந்துவிட்டது.

விபிஎன் எதற்கு, மைஎஸ்கியூஎல் கேட்கும் 3306ஆம் வாசலை நேராகத் திறந்துவிட்டால் போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. திறந்த வாசலைத் தேடி அலையும் நிரல்கள் உலகம் முழுவதும் இரவு பகலாகத் தட்டிப் பார்க்கின்றன. கிளினிக்கின் நோயாளிப் பட்டியல் அந்த வாசலுக்குப் பின்னால் இருந்தால், 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வழிப் பழுதுகளில் என்னை அதிகம் அலைக்கழித்தது ஒன்று. பிங் அடித்தால் பதில் வருகிறது. நகல் சர்வர் உள்ளே நுழைந்துவிடுகிறது, கடவுச்சொல் சரி, சிறு மாற்றங்கள் வந்து சேருகின்றன. பிறகு பெரிய வரி ஒன்று வரும்போது எல்லாம் உறைந்துபோகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. சற்று நேரத்தில் இணைப்பு அறுந்து, மறுபடி பிணைந்து, அதே இடத்தில் மறுபடி உறைகிறது. கணக்கு மென்பொருள் விற்றவர் இணையத்தைக் குறை சொல்வார். இணையக்காரர் வேகச் சோதனை எடுத்துக் காட்டி எல்லாம் சரி என்பார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. பழுது பொட்டலத்தின் அளவில் இருக்கிறது. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை போகலாம். நம் வீட்டு, அலுவலக ஃபைபர் இணைப்புகளில் பரவலாக உள்ள பிபிபிஓஇ முறை அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 1492. அதன்மேல் விபிஎன் தன் உறையைச் சுற்றினால் இன்னும் குறையும். பெரிய பொட்டலம் வந்தால், இது நுழையாது சிறிதாக்கி அனுப்பு என்று வழியில் உள்ள ரௌட்டர் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியைப் பாதுகாப்பு என்ற பெயரில் நடுவே யாரோ தடுத்து வைத்திருப்பார்கள். அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியாது. திரும்பத் திரும்ப அதே பெரிய பொட்டலத்தை அனுப்பிக்கொண்டே இருப்பார்.

கண்டுபிடிப்பது எளிது. துண்டாக்காதே என்ற குறியோடு 1464 பைட் அளவில் பிங் அடியுங்கள். தலைப்பு 28 பைட் சேர்ந்து 1492 ஆகும். போகவில்லை என்றால் குறைத்துக்கொண்டே வந்து எந்த அளவில் போகிறது என்று பாருங்கள். விபிஎன்னின் அளவை அதற்குக் கீழே வைத்தால், அல்லது ரௌட்டரில் டிசிபி துண்டின் அளவைக் கட்டுப்படுத்தினால், பல நாள் தொல்லை ஐந்து நிமிடத்தில் தீரும். என் அனுபவத்தில் இப்படி ஓர் இடத்தில் மூன்று வாரம் தரவுத்தளத்தின் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தோம். அங்கே தொட வேண்டியது ரௌட்டரில் ஒரே ஓர் எண்.

அடுத்து, வாங்குபவர் தூங்குவது. இதில்தான் ஆபத்து அதிகம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் திரை பொய் சொல்லும். மைஎஸ்கியூஎல்லில் நகல் எத்தனை வினாடி பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் ஓர் எண் உண்டு. எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். பூச்சியம் என்றால் நிம்மதி. ஆனால் அந்த எண் அளப்பது ஏற்றுபவர் கையில் இருக்கும் வேலையை. வாங்குபவர் கொடுத்ததையெல்லாம் ஏற்றி முடித்துவிட்டால் அது பூச்சியம் காட்டும். வாங்குபவருக்கே எதுவும் வரவில்லை, கம்பி மெலிந்துபோய் மூலம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது என்றாலும் பூச்சியம்தான்.

இணைப்பு சத்தமில்லாமல் செத்துப்போவதும் நடக்கும். மழைக்காலத்தில் இடி இறங்கி ரௌட்டர் அணைந்து எழுந்தால், அல்லது சும்மா கிடக்கும் இணைப்பை ரௌட்டர் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால், இரு முனையில் இருப்பவர்களுக்கும் யாரும் சொல்வதில்லை. வாங்குபவர் காதைக் கொடுத்துக் காத்திருக்கிறார். இணைப்பு இருக்கிறதா என்றால் ஆம் என்கிறார். 5.7.7 பதிப்புக்கு முன்பு மைஎஸ்கியூஎல் இப்படி ஒரு மணி நேரம், அதாவது 3600 வினாடி, பொறுமையாகக் காத்திருக்கும்படி அமைந்திருந்தது. பிறகு 60 வினாடியாகக் குறைத்தார்கள். அதில் பாதிக்கு ஒருமுறை மூலம் ஓர் உயிர்த்துடிப்பையும் அனுப்பும். பழைய சர்வரை இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கும் கடைகள் இங்கே ஏராளம். அங்கெல்லாம் இந்த எண்ணைக் கையால் மாற்ற வேண்டும். வயர்கார்டு விபிஎன் என்றால் 25 வினாடிக்கு ஒருமுறை வழியைத் தட்டி எழுப்பும் அமைப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

இதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. மூல சர்வரில் ஒரே ஒரு வரி கொண்ட சிறு அட்டவணை வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை அதில் நேரத்தை எழுதச் செய்யுங்கள். நகலில் அந்த வரியைப் படித்துப் பாருங்கள். இப்போது மணி 10.30, நகலில் 9.40 என்று இருந்தால் 50 நிமிடம் பின்தங்கியிருக்கிறது. வேறு எந்த எண்ணையும் நம்ப வேண்டியதில்லை. பெர்கோனா நிறுவனத்தின் இலவசக் கருவித்தொகுப்பில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. இல்லாவிட்டாலும் பத்து வரி நிரலில் எழுதிவிடலாம். இரண்டு சர்வரின் கடிகாரமும் இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் உள்ள நிறுவனத்தார் நிறுவிக் கொடுத்த சர்வர் இந்திய நேரத்தில் ஓடுவதை நான் கண்டிருக்கிறேன். இரண்டரை மணி நேரப் பின்னடைவு என்று பயந்து தேடிய பிறகுதான் அது நேர மண்டலத்தின் வேலை என்று புரிந்தது.

இனிக் குறிப்பேடு. மூல சர்வர் பழைய குறிப்பேடுகளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாது, வட்டு நிரம்பிவிடும். மைஎஸ்கியூஎல் 8 தானாக வைத்துக்கொள்வது 30 நாள். யாரோ ஒருவர் இடம் போதவில்லை என்று அதை ஒரு நாளாகக் குறைத்து வைத்திருப்பார். வியாழன் நின்ற நகல் ஞாயிறு எழுந்து, எனக்கு இந்த வரியிலிருந்து வேண்டும் என்று கேட்கும்போது, அந்தத் தாள் கிழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வரும். 1236 என்ற பிழை எண்ணோடு வருவது பெரும்பாலும் இதுதான். போஸ்ட்கிரெஸ் 2014இல், 9.4 பதிப்பில், இதற்கு ஒரு மாற்று கொடுத்தது: நகல் வாங்காத வரை மூலம் தாளைக் கிழிக்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூடிப்போன ஒரு கிளையின் பதிவை நீக்க மறந்தால், வராத ஆளுக்காகத் தாளைச் சேர்த்துக்கொண்டே போய் மூல சர்வரின் வட்டே நிரம்பி எல்லாம் நின்றுவிடும். 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கு உச்ச வரம்பு வைக்க முடியும். வைத்துவிடுங்கள்.

குறிப்பேடு தீர்ந்துபோனால் முழு நகலை மீண்டும் எடுக்க வேண்டும். 100 ஜிபி தரவை 10 எம்பிபிஎஸ் ஏற்றுவேகத்தில் அனுப்ப, இடையில் ஒரு தடங்கலும் இல்லாவிட்டாலும், 22 மணி நேரம் ஆகும். வட்டில் எழுதி, பூட்டிட்டு, காரில் எடுத்துப்போனால் பாலிங்கிலிருந்து சுங்கைப்பட்டாணிக்குச் சுமார் ஒரு மணி நேரம். நகல் எடுத்த கணத்தின் இடக்குறிப்பைச் சேர்த்துக் கொண்டுபோனால் போதும். மிச்சத்தைக் கம்பி பார்த்துக்கொள்ளும். இதைச் செய்யக் கூச்சப்படத் தேவையில்லை.

இந்தக் கட்டத்தில் நடக்கக்கூடிய பெரும் விபத்தை உலகம் ஒருமுறை நேரடியாகப் பார்த்தது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் போஸ்ட்கிரெஸ் நகல், சுமை ஏறியதால் பின்தங்கியது. அது கேட்ட குறிப்பேட்டுத் தாள்களை மூலம் ஏற்கனவே நீக்கியிருந்தது. எனவே நகலின் தரவை அழித்துவிட்டு முதலிலிருந்து எடுக்க முயன்றார்கள். அது ஓடவில்லை, உறைந்து நின்றது. இரவு நேரம், களைப்பு. மீண்டும் அழிக்கும்போது நகல் சர்வர் என்று நினைத்துப் பொறியாளர் கட்டளை கொடுத்தது மூல சர்வரில். ஓரிரு வினாடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தன, நம்பும்படி ஒன்றும் இல்லை. வழக்கமான காப்பு நிரல் பதிப்பு பொருந்தாமல் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள் பெறுமிடத்தில் மறுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்த ஒரு நகல் இருந்ததால் மீண்டார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். அந்த நிறுவனம் எதையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டது. நம் ஊர்க் கணினிப் பிரிவுகளில் அதைப் படித்தவர் எத்தனை பேரோ! சுங்கைப்பட்டாணி சர்வரின் திரைக்கு ஒரு நிறம், கோலாலம்பூர் சர்வரின் திரைக்கு வேறு நிறம் என்று வைத்துக்கொள்வது அதைப் படித்த பிறகு நான் தொடங்கிய பழக்கம்.

ஏற்றுபவர் நிற்பது நான்காவது. வாங்கிய வரியை ஏற்றப் போகிறார், அந்த எண்ணில் ஏற்கனவே ஒரு வரி இருக்கிறது, பிழை 1062. அல்லது திருத்தச் சொல்லும் வரி நகலில் இல்லவே இல்லை, பிழை 1032. இரண்டுக்கும் பொருள் ஒன்று: இரு புத்தகமும் முன்பே பிரிந்துவிட்டன, இப்போதுதான் தெரிகிறது. இந்த இடத்தில் பலர் செய்வது, அந்த வரியைத் தாண்டு என்று கட்டளை கொடுத்து மேலே ஓட விடுவது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தாண்டிய வரி ஒரு நோயாளியின் ஒவ்வாமைக் குறிப்பாக இருக்கலாம், ஒரு சிறுதோட்டக்காரர் லாரியில் கொண்டுவந்த செம்பனைக் குலையின் எடையாக இருக்கலாம். தாண்டும் முன் அந்த வரியை எழுதி வையுங்கள், இரு பக்கமும் அதே எண்ணில் என்ன இருக்கிறது என்று ஒப்பிடுங்கள், பிறகு அட்டவணை முழுவதையும் சரிபார்ப்புத் தொகை கொண்டு ஒத்துப்பாருங்கள். பிரிந்த காரணம் பெரும்பாலும் எளியது: யாரோ நகல் சர்வரில் நேரடியாக எழுதியிருப்பார்கள். நகலைப் படிக்க மட்டும் என்று பூட்டி வைத்தால் அந்தப் பழுதுகள் வரவே வராது.

தமிழ்ப் பெயர்கள் ஏறும் தரவுத்தளத்தில் இன்னொரு காரணமும் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றேதான். ஒப்பிடும் விதி இரு சர்வரிலும் வேறாக இருந்தால், மூலத்தில் இரண்டு வெவ்வேறு பெயராக ஏறியது நகலில் ஒரே பெயராகி, இரட்டைப் பதிவு என்று ஏற்றுபவர் நின்றுவிடுவார். இரு முனையிலும் எழுத்துத் தொகுதியும் ஒப்பீட்டு விதியும் ஒன்றா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

இரு பக்கமும் எழுதலாம் என்ற ஏற்பாட்டை விற்பனையாளர்கள் ஆசை காட்டிச் சொல்வார்கள். எண் மோதாமல் இருக்க ஒரு பக்கத்துக்கு ஒற்றை எண், மற்றதற்கு இரட்டை எண் என்று பிரிக்கலாம். ஒரே பொருளின் கையிருப்பை இரு கிளையும் ஒரே நேரத்தில் குறைத்தால் எந்த எண் பிரிப்பும் உதவாது. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையின் இணைப்பு 43 வினாடி அறுந்தது. அதற்குள் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரையில் ஒரு சர்வரை மூலமாக உயர்த்திவிட்டது. கிழக்கில் சில வினாடி எழுதியது மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கில் பிறகு எழுதியது கிழக்கில் இல்லை. இரண்டு புத்தகம், இரண்டிலும் உண்மை. அதைச் சேர்த்துச் சரிசெய்து சேவை முழுமையாகத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆனது. தரவைக் காப்பதற்காகவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன். வலைப்பின்னல் பிளவுபட்டால் ஒத்த தரவும் இடையறாத சேவையும் ஒருசேரக் கிடைக்காது என்று எரிக் புரூவர் 2000இல் சொன்னதைக் கில்பர்ட்டும் லிஞ்சும் 2002இல் நிறுவினார்கள். கிட்ஹப்பின் வசதியுள்ளவர்களுக்கே 43 வினாடி இப்படியென்றால், ஒரே ஒரு கணினிக்காரரை வைத்திருக்கும் நாம் தானாக மூலத்தை மாற்றும் ஏற்பாட்டைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. மூலத்தை மாற்றுவது மனிதர் முடிவாக இருக்கட்டும்.

இன்னும் அடிப்படையாக ஒன்று கேட்கலாம். தோட்டத்து நிறுவை நிலையத்துக்கு இந்த நகலெடுப்பு தேவைதானா? அங்கே நடப்பது சீட்டு எழுதுவது மட்டும். ஒருமுறை எழுதிய எடை மாறாது. ஒவ்வொரு சீட்டுக்கும் நிலையத்தின் பெயரோடு சேர்ந்த தனி எண் கொடுத்து, உள்ளூரில் சேமித்து, இணைப்பு வரும்போது வரிசையாக அனுப்பி, பெற்றுக்கொண்டேன் என்று பதில் வந்த பிறகு குறியிட்டால் போதும். ஒரே சீட்டு இரண்டு முறை போனாலும் எண் ஒன்று என்பதால் கெடுதல் இல்லை. கவுச்டிபி போன்ற தரவுத்தளங்கள் விட்டு விட்டு வரும் இணைப்புக்காகவே இப்படி வடிவமைக்கப்பட்டவை. நகரத்துக் கிளைகளில் விலைப்பட்டியல், கையிருப்பு, பில் எல்லாம் நொடிக்கு நொடி வேண்டும். மின்விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகச் சிறியவர்களிடம் வந்துகொண்டிருப்பதால் கிளைக் கணக்கு பொருந்துவது முன்னைவிட அவசரமாகிவிட்டது. அங்கே நகலெடுப்பு நியாயம்தான். ஆனால் அதைக் காப்பு என்று எண்ணிவிடக் கூடாது. மூலத்தில் தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்தால் அந்த அழிப்பும் அடுத்த வினாடி நகலில் வந்து சேரும். தனிக் காப்பு வேண்டும், மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து மீட்டுப் பார்க்கவும் வேண்டும்.

மறுபடி அந்த வியாழன் இரவுக்கு வருகிறேன். ஞாயிறு காலை 8 மணிக்குச் சுங்கைப்பட்டாணிக் கிளையைத் திறக்கும் பெண் கணினி படித்தவராக இருக்க வேண்டியதில்லை. நேரம் எழுதும் அந்தச் சிறு அட்டவணையைத் திரையின் மூலையில் பெரிய எழுத்தில் காட்டும்படி செய்திருந்தால், அது வியாழன் 10 மணியில் நிற்பதை அவரே பார்ப்பார். சுவரில் ஒட்டிய ஒரு தாளில் தமிழிலும் மலாயிலும் எழுதியிருக்கும்: முதலில் ரௌட்டர் விளக்கு, பிறகு விபிஎன், பிறகு விடுமுறை நாளிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண். 58 மணி நேரம் ஆகியிருக்கிறது. 72 ஆக இன்னும் 14 மணி நேரம் அவர் கையில் உண்டு.